முதல் புல் கொடுக்கும் கை

மானுட குலம் இதுவரை இயற்றிய சட்டங்களுள் தலையாயது எதுவெனக் கேட்டால், விக்டோரியா ஏரியின் கென்யக் கரையில் நிற்கும் பூச்சிப்பசி ஆய்வு நிலையத்தார் தயங்காமல் ஒன்றைச் சுட்டுவர். சுட்டுவர் என்பதுகூடப் பிழை. அந்தச் சட்டத்தை அங்கே எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எங்கும் எழுதப்படாத, ஆயினும் ஒருவராலும் மீறப்படாத அச்சட்டம் இது: தலைமை விருந்தினர் சாப்பிட்டு முடிக்கும்வரை அவ்வளாகத்தில் எவருக்கும் பசி எடுக்காது.

கூர்ந்து நோக்குக. 'சாப்பிடக் கூடாது' என்பதன்று விதி. பசித்தவனைச் சாப்பிடாதே என்று தடுப்பது கொடுமை. நாகரிகமடைந்த எந்த நிறுவனமும் அதைச் செய்யாது. இங்கே பசியே எடுப்பதில்லை. எடுக்காத பசிக்கு யார் பொறுப்பேற்பது?

இத்தகைய ஒழுக்கம் குடிகொண்ட இடத்தில்தான் பசியைப் பற்றிய ஆராய்ச்சி செழிக்க முடியும். செழிக்கவும் செய்தது. நிலையத்தின் இயக்குநர் பேராசிரியர் ராபுரு, வெட்டுக்கிளியின் குடலும் மூளையும் தமக்குள் என்ன பேசிக்கொள்கின்றன என்பதை ஒட்டுக்கேட்பதிலேயே தம் தலைமுடியை இழந்தவர். புல்லைக் கண்டால் தின்பதும் தீர்ந்தால் நிறுத்துவதும்தான் பூச்சியின் வாழ்க்கை என்று நினைப்பவர் பாமரர். வெட்டுக்கிளியின் குடற்சுவரில் எள் தூவினாற்போல் சில உயிரணுக்கள் உள்ளன. புல் வந்து குடல் நிறைந்ததும் அவை ஒரு சுரப்பை இரத்தத்தில் அவிழ்த்துவிடும். அது மூளையிடம் போய் 'போதும்' என்னும், மூளையும் கேட்டுக்கொள்ளும். அதைவிட வியப்பு, வாயருகே சிறு விரல்கள்போல் தொங்கும் உறுப்புகளின் நுனியில் இருக்கும் சுவைத் துளைகள். வயிறு நிறைந்தால் அத்துளைகள் மூடிக்கொள்ளும். அதன்பின் பசும்புல்லை மலையாகக் குவித்தாலும் அதற்குச் சுவை தெரியாது. வயிறு காலியானாலோ வேறொரு சுரப்பு கிளம்பி, சேர்த்துவைத்த கொழுப்பை உருக்கி, 'எழு, நட, தேடு' என்று கால்களை முடுக்கும்.

இந்த அரிய துறையில் முனைவர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்தவள் அகெச். ஏரிக்கு அருகே அலேகோ என்னும் வட்டாரத்துப் பெண். அகெச் என்பது பஞ்சத்தில் பிறக்கும் பெண்பிள்ளைக்கு அங்கே இடும் பெயர். பசியே இல்லாத நிலையத்தில் அப்படியொரு பெயர் உலவுவது சற்று அநாகரிகமே என்றாலும், நிலையத்தார் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொண்டனர்.

அகெச் மூன்றாண்டுகளாக ஒரு குலத்தை வளர்த்து வந்தாள். தலைமுறைதோறும், குறைவாகத் தின்று விரைவில் விலகும் வெட்டுக்கிளிகளை மட்டும் தேர்ந்து இனம்பெருக்கினாள். பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் பிறந்தபோது, உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் இனம் அவள் கூண்டில் இருந்தது: சீக்கிரமே 'போதும்' என்று சொல்லத் தெரிந்த வெட்டுக்கிளி. ஒரே கூண்டு. இரண்டாவது கூண்டுக்கு விண்ணப்பம் பரிசீலனையில் இருந்தது. அக்கூண்டு அழிந்தால் இனம் அழியும். இனம் அழிந்தால் அவள் பட்டமும் அழியும். இவ்வளவு பெரிய விஷயம் இவ்வளவு சிறிய கூண்டில் இருப்பதைக் கேள்வியுற்றுத்தான் தலைநகரிலிருந்து மாண்புமிகு ஒருவர் வருகைதர இசைந்திருந்தார். நாட்டின் உணவுப் பாதுகாப்பு என்னும் பெருஞ்சுமையைத் தோளிலும், தோளுக்குக் கொஞ்சம் கீழேயும், ஒருசேரத் தாங்குபவர் அவர்.

நிகழ்ச்சி நிரலின் உச்சம் 'மாண்புமிகு அவர்கள் தம் திருக்கரத்தால் வெட்டுக்கிளிகளுக்கு முதல் புல் வழங்குதல்'. 'போதும்' என்னும் அந்தக் குடற்சாற்றை ஊசியாகப் போட்ட பாதி வெட்டுக்கிளிகள் புல்லைச் சீண்டா. போடாத மறுபாதி பாய்ந்து தின்னும். விஞ்ஞானம் கண்ணெதிரே மெய்ப்படும். அதற்காகவே முந்தின மாலையிலிருந்து கூண்டுக்குப் புல் நிறுத்தப்பட்டிருந்தது. காலையில் அகெச் பாதிக் கிளிகளுக்கு ஊசி போட்டு, அவற்றின் முதுகில் வெள்ளைப் பொட்டும் வைத்திருந்தாள். ஊசியின் வேலை உச்சிவேளைவரை நிற்கும். மாண்புமிகு அவர்களோ முற்பகலிலேயே வந்துவிடுவார். கணக்கு மிகச் சரி.

முற்பகல் வந்தது. மாண்புமிகு வரவில்லை.

முற்றத்தில் பந்தல் போட்டு, வெள்ளை நெகிழி நாற்காலிகளை அடுக்கி, ஏரிக்கரை ஊர்களின் மகளிர் உழவர் குழுவை அதிகாலையிலேயே அழைத்து வந்து அமர்த்தியிருந்தார்கள். சமையற்கட்டிலிருந்து பொரித்த திலேப்பியா மீனின் மணமும் கோழிக்குழம்பின் மணமும் கிளம்பி, பந்தலை ஒருமுறை வலம்வந்து, எவருக்கும் பசி இல்லாததால் ஏமாற்றத்தோடு ஏரிப்பக்கம் போயின.

நிகழ்ச்சி ஒருங்கிணைப்பாளர் ஒம்பேவா கோட்டு அணிந்து வாயிலில் நின்றார். அகெச் அவரிடம் போனாள்.

"அண்ணே, இன்னேரம் வந்திருக்கணுமே?"

"வந்துட்டே இருக்கார்."

"எங்கேயிருந்து?"

"வர்ற இடத்துலேருந்து."

"எவ்வளவு தூரத்துல இருக்கார்னு கேக்குறேன்."

"கிட்டத்துல வந்துட்டார்னுதான் காலையிலேருந்து சொல்றாங்க. காலையிலேயே கிட்டத்துல இருந்தவர் இப்போ எவ்வளவு கிட்டத்துல இருப்பார், நீயே யோசிச்சுக்கோ."

இந்தத் தர்க்கத்தைச் சுமந்துகொண்டு அகெச் கூண்டருகே திரும்பினாள். கிளிகள் நடக்கத் தொடங்கியிருந்தன. கண்ணாடியோரமாகப் போவதும், திரும்புவதும், மறுபடி போவதுமாக. கொழுப்பு உருகத் தொடங்கிவிட்டதென்று அவளுக்குத் தெரிந்தது. நிமிர்ந்து சன்னல் வழியே பார்த்தபோது பந்தலிலும் நடக்கத் தொடங்கியிருந்தார்கள்.

பசியால் அன்று. கணக்கர் தண்ணீர்க்குழாய் ஒழுகுகிறதா என்று சரிபார்க்கப் போனார். குழாய் சமையற்கட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. ஓய்வுபெற்ற போதகர் ஒருவர் தம் தொப்பியைத் தேடிப் போனார்; தொப்பி தலையில் இருந்தது. மகளிர் குழுவினர் இருவர் இருவராக எழுந்து கோழிகள் நலமா என்று விசாரிக்கப் போய்வந்தனர். மீன் ஆய்வாளர் ஒருவர் திலேப்பியாவின் 'தற்போதைய நிலை' குறித்து ஆய்வு மேற்கொண்டார். ஒவ்வொருவரும் சமையற்கட்டு வாசலில் நின்று, மூச்சை இழுத்து, விடாமல் வைத்துக்கொண்டு திரும்பினர்.

சமையல்காரி அமோண்டி வாசலிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அகப்பையை மடியில் வைத்திருந்த விதத்தில் அது கரண்டியாகத் தெரியவில்லை.

"என்னா டாக்டரம்மா, நீயும் குழாய் பாக்க வந்தியா?"

"இல்லக்கா. என் கிளிக்குப் புல் போட அனுமதி கேக்கலாம்னு புரொபசரைத் தேடுறேன்."

"அதுங்களுக்குப் பசிக்குதா?"

"பசிக்குது."

"மெதுவாப் பேசு, அலேகோப் பொண்ணே!" அமோண்டி சுற்றுமுற்றும் பார்த்தாள். "அந்த வார்த்தையை இங்கே சொல்லாதே. பூச்சிக்குன்னாலும் சொல்லாதே. போன வருசம் ஒரு டிரைவர் 'வயித்துல ஏதோ பண்ணுது'ன்னுதான் சொன்னான். இப்போ அவன் எங்கே இருக்கான் தெரியுமா?"

"எங்கே?"

"அவங்க ஊர்ல இருக்கான். நல்லாச் சாப்பிடுறான்."

அவள் பக்கத்தில், சட்டிகளுக்கெல்லாம் தலைமை தாங்கியபடி, மூடியிட்ட ஒரு பீங்கான் தட்டு தனியாக இருந்தது. அதில் கோழியின் இரைப்பை. அந்தப் பக்கத்தில் கோழி அடித்தால் இரைப்பை வீட்டுத் தலைவனுக்கு. பெண்பிள்ளை அதைத் தொடுவதில்லை. பொது நிகழ்ச்சியென்றால் தலைமை விருந்தினருக்கு. அந்தத் தட்டின் மூடி திறந்து, அது அவர் வாய்க்குப் போன பிறகுதான் மற்றச் சட்டிகளின் மூடிகள் திறக்கும்.

உச்சிவெயில் சாய்ந்தது. ஊசியின் வேலை முடிந்தது. வெள்ளைப் பொட்டு வைத்த கிளிகளும் வைக்காத கிளிகளும் இப்போது ஒன்றுபோல் நடந்தன.

நெருக்கடி முற்றியதை உணர்ந்த பேராசிரியர் அவசரக் கூட்டம் கூட்டினார். பொருள்: தேநீர் உணவா? உணவென்றால் விருந்தினருக்கு முன் வழங்க இயலாது, உணவில்லையென்றால் வழங்கலாம். இதை ஆராயக் கணக்கர், போதகர், மீன் ஆய்வாளர் மூவரும் அடங்கிய துணைக்குழு அமைக்கப்பட்டது. அகெச் தன் கோரிக்கையோடு கதவோரம் நின்று காத்திருந்தாள்.

"பால் சேத்தா உணவு. சேக்காட்டி வெறும் தண்ணி," என்றார் கணக்கர்.

"சக்கரை?"

"சக்கரையோட தண்ணி... அது எல்லைப் பிரச்சினை."

"இஞ்சி தட்டிப் போட்டா மருந்துன்னு எடுத்துக்கலாம்," என்றார் போதகர் நம்பிக்கையோடு. "மருந்துக்குத் தடை இல்லையே."

"எவ்வளவு பால் சேத்திருக்காங்கன்னு ஒரு வாய் குடிச்சுப் பாத்தாத்தான் தெரியும்," என்றார் மீன் ஆய்வாளர்.

"குடிச்சுட்டா அப்புறம் தீர்ப்பு எதுக்கு?"

"குடிக்காம தீர்ப்பு சொன்னா அது விஞ்ஞானமா?"

மூவரும் கெட்டிலைப் பார்த்தார்கள். கெட்டில் ஆவிவிட்டது. ருசி பார்க்காமல் முடிவெடுக்க இயலாதென்றும், முடிவெடுக்காமல் ருசி பார்க்க இயலாதென்றும் துணைக்குழு கண்டறிந்தது. முடிவு எட்டப்படாமை ஒருமனதாக எட்டப்பட்டது. கெட்டில் ஆறியது.

பேராசிரியர் வெளியே வந்தபோது அகெச் குறுக்கே நின்றாள்.

"சார், ஊசி போட்டதுக்கும் வேலை முடிஞ்சிருச்சு. இனிமே செய்முறை காட்ட முடியாது. கொஞ்சம் புல்லாவது போட்டுடறேன். இல்லேன்னா ஒண்ணையொண்ணு கடிக்க ஆரம்பிச்சுடும்."

"மாண்புமிகு வர்றதுக்கு முன்னாடியா?"

"அதுங்களுக்கு மாண்புமிகு யாருன்னு தெரியாது சார்."

"அதுங்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும்ல?" பேராசிரியர் குரலைத் தாழ்த்தினார். அந்த இடைவெளியில் அவர் வயிற்றுக்குள் ஏதோ நீளமாக உருண்டது. இருவரும் அது கேட்காததுபோல் ஏரியைப் பார்த்தார்கள். "அகெச், நிரல்ல அவர் கையாலதான் 'முதல் புல்'னு போட்டிருக்கு. நீ போட்டுட்டா அவர் கொடுக்கறது எத்தனாவது புல்? அவரைப் போய் நாம ரெண்டாவதாக்குறதா?"

"ஆனா சார்..."

"உன் ஆய்வேட்டை நான் இன்னும் படிக்கல. படிக்கணும்னு ஆசையா இருக்கேன். அந்த ஆசையைக் கெடுத்துடாதே."

அவ்வளவு மென்மையாக ஒரு கழுத்து நெரிக்கப்பட்டதை அகெச் அதுவரை கண்டதில்லை.

அந்நேரம் ஒம்பேவாவின் அலைபேசி ஒலித்தது. எல்லாரும் கேட்கட்டுமென்று அவர் ஒலிபெருக்கியில் போட்டார். மாண்புமிகு அவர்களின் உதவியாளர் பேசினார்.

"பாலத்தைத் தாண்டிட்டோம். இதோ, இதோ."

பின்னணியில் 'டக், டக், டக்' என்று சீரான ஓசை. மரப்பலகையில் கனத்த கத்தி விழும் ஓசை. சுட்ட ஆட்டிறைச்சியைத் துண்டுபோடும் பலகையின் குரலை அறியாத காது அந்நாட்டில் இல்லை. பந்தல் முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"அது என்ன சத்தம்?" என்றார் போதகர் மெல்ல.

"ரோடு போடுறாங்க," என்றார் ஒம்பேவா.

அலைபேசிக்குள் யாரோ, "இன்னும் கொஞ்சம் உப்பு கொண்டா! விலாப்பக்கம் எங்கே?" என்று கத்தினார்.

"ஆமா," என்றாள் வாசலிலிருந்து அமோண்டி, "ரோட்டுக்கு உப்பு பத்தலையாம்."

எவரும் சிரிக்கவில்லை. சிரிப்புக்கும் கொழுப்பு வேண்டும். பந்தலில் நடமாட்டம் அதற்குள் ஓய்ந்திருந்தது. உருக்குவதற்கு மிச்சமில்லாதபோது பூச்சி அசையாமல் இருந்து உயிரைச் சேமிக்கும் என்பதை அகெச் படித்திருக்கிறாள். மகளிர் உழவர் குழுவில் அதை இப்போதுதான் நேரில் கண்டாள். இதற்கு முன்னோடி ஆய்வுகள் இல்லை.

கூண்டுக்குத் திரும்பியபோது ஒரு கிளிக்குப் பின்னங்கால் இல்லை. இன்னொன்றின் தாடையில் அது இருந்தது. மூலையில் வெள்ளைப் பொட்டோடு ஒரு முதுகு மட்டும் கிடந்தது. மற்றவை கண்ணாடியை வாய்விரல்களால் தட்டிக்கொண்டிருந்தன; சுவையறியும் துளைகள் அத்தனையும் திறந்து, கண்ணாடியையாவது தின்ன முடியுமா என்று. மூன்றாண்டு உழைப்பு தன்னைத்தானே தின்பதை அவள் கைகட்டி நின்று பார்த்தாள். கைகட்டி நிற்பதும் அந்நிலையத்தில் ஓர் ஆய்வுமுறையே. அனுமதி கிடைத்ததும் போடலாமென்று மடியில் கட்டிவைத்திருந்த நேப்பியர் புல்கட்டு வாடத் தொடங்கியிருந்தது.

வெயில் ஏரிக்குள் இறங்கப்போன சமயம் மூன்று வண்டிகள் புழுதியோடு நுழைந்தன. மகளிர் குழு எழுந்து பாடியது. பாட்டின் முதல் அடிக்குக் குரல் வந்தது. இரண்டாம் அடிக்கு உதடுகள் மட்டும் அசைந்தன. மாண்புமிகு அவர்கள் இறங்கினார். வாயோரத்தில் பல்குத்தும் குச்சி ஒன்று, செங்கோலைப்போல் சாய்ந்திருந்தது.

ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"என் அருமை மக்களே! விடிஞ்சதுலேருந்து களத்துலதான் இருக்கேன். உங்களை நெனச்சு, பச்சத் தண்ணிகூடப் பல்லுல படாம..."

அங்கே ஓர் ஏப்பம் குறுக்கிட்டது. நீண்ட, நிறைவான, விலாப்பக்கத்தை நினைவுகூரும் ஏப்பம். ஒலிபெருக்கி அதைத் தேசத்தின் பெருமூச்சாக மாற்றி ஏரிக்கு அப்பால் அனுப்பியது. பேராசிரியர் கைதட்டினார், எல்லாரும் தட்டினார்கள்.

உரை முடிந்ததும், பந்தலோரம் கொண்டுவந்து வைத்திருந்த கூண்டருகே அவரை அழைத்து வந்தனர். கிளிகள் அசையாமல் நின்றன. பேராசிரியர் அகெச்சுக்குக் கண்காட்டிவிட்டு, தாமே விளக்கத்தில் இறங்கினார்.

"மாண்புமிகு ஐயா, நல்லாப் பாருங்க. இதுங்க சாப்பிடுதா?"

"இல்லையே."

"சாப்பாடு கேக்குதா?"

"இல்ல."

"குடல்லேருந்து எடுத்த சாறு, ஐயா. ஒரே ஊசி. பசி போயே போச்சு."

கூண்டுக்குள் ஒரு புல்லும் இல்லை என்பது இச்சோதனையின் எளிமைக்குச் சான்று. இல்லாத உணவை ஒரு பூச்சி தின்னாமல் இருப்பதை இவ்வளவு தெளிவாக வேறெந்த ஆய்வகமும் நிறுவியதில்லை.

"சார்," என்றாள் அகெச், "ஊசி வேலை மதியமே முடிஞ்சுபோச்சு. இதுங்க..."

"எங்க மாணவி. அடக்கத்துக்குப் பேர்போனவ," என்றார் பேராசிரியர்.

மாண்புமிகு அவர்கள் குச்சியை வாயின் மறுபக்கத்துக்கு மாற்றினார். சிந்திக்கிறார் என்று பொருள்.

"மனுசனுக்கு இது வேலை செய்யுமா?"

"குடல்தானே ஐயா? எல்லாருக்கும் இருக்கு."

"அடடா! அப்போ வடக்கே பஞ்சம்னா சோள மூட்டை எதுக்கு? லாரி எதுக்கு? அதுல பாதி காணாமப் போகுதுன்னு பேப்பர்காரன் எழுதுறது எதுக்கு? ஆளுக்கு ஒரு ஊசி. முடிஞ்சுது!" அவர் பந்தல் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இங்கே யாருக்காவது பசிக்குதா?"

நாள் முழுதும் உட்கார்ந்திருந்த பந்தல் அவரைப் பார்த்தது. விதி காற்றைப்போல் எங்கும் நிறைந்திருந்தது. எவரும் வாய் திறக்கவில்லை.

"பாத்தீங்களா புரொபசர்? ஊசி போடாமலே பசி இல்ல!"

"அது எங்க ஒழுக்கம், ஐயா."

"இது ஊசியைவிட மலிவு," என்றார் மாண்புமிகு உண்மையான மதிப்போடு.

ஒம்பேவா வெள்ளித் தட்டில் ஒரு பிடி புல்லை ஏந்தி முன்வந்தார். "ஐயா, அடுத்து முதல் புல் வழங்குதல்."

மாண்புமிகு அவர்கள் கூண்டையும் ஒரு பின்னங்கால் இழந்த கிளியையும் பார்த்தார். பிறகு தம் சட்டைக் கையைப் பார்த்தார்.

"கேமராக்காரன் எங்கே?"

"வெளிச்சம் போயிருச்சுன்னு கிளம்பிட்டாருங்க."

"அப்போ அடுத்த தடவை பாத்துக்கலாம். அடுத்த வாரமோ, அதுக்கு அடுத்த வாரமோ."

"முதல் புல் வழங்கும் நிகழ்வு ஒத்திவைக்கப்படுகிறது," என்று பேராசிரியர் கம்பீரமாக அறிவித்தார். தட்டு பின்வாங்கியது.

"அதுவரைக்கும் சார்?" என்றாள் அகெச்.

"அதுவரைக்கும் என்ன?"

"இதுங்க என்ன சாப்பிடும்?"

பேராசிரியர் அவளைப் பரிவோடு பார்த்தார். விஞ்ஞானத்தின் அடிப்படையையே மறந்த மாணவியை வேறெப்படிப் பார்ப்பது? "முதல் புல்லே இன்னும் கொடுக்கலையேம்மா. அப்புறம் ரெண்டாவது புல்லை எப்படிக் கொடுக்கறது?"

இதற்கிடையே ஒம்பேவா குனிந்து, சாப்பாடு தயாராக இருப்பதை விருந்தினரின் காதில் ஓதினார். பந்தல் முழுவதும் அந்தக் காதையே பார்த்தது.

"சாப்பாடா? இப்போ ஒண்ணும் எறங்காதுப்பா. நேரமும் இல்ல," என்றார் மாண்புமிகு, வயிற்றைத் தடவியபடி. பிறகு, உழைத்துச் சமைத்தவர்களின் மனம் நோகக் கூடாதென்று, "வண்டியில வச்சிருங்க," என்றார்.

உதவியாளர்கள் இதில் பயிற்சி பெற்றவர்கள். கோழிச் சட்டி முதலில் எழுந்தது. திலேப்பியாத் தாம்பாளம் தொடர்ந்தது. களி, துணி போர்த்தி, கைக்குழந்தைபோல் வெளியேறியது. கீரையையும் விடவில்லை. விருந்தினர் சாப்பிடவில்லை, ஆகவே எவருக்கும் பசி எடுக்க வழியில்லை, சட்டம் தன் முழு அழகில் ஒளிர்ந்தது. கடைசியாக அமோண்டி பீங்கான் தட்டோடு வந்தாள். நடந்து வந்தாளென்று சொல்ல முடியாது; வந்துசேராமல் இருக்க முயன்றபடி வந்தாள்.

அகெச் கூண்டின் கதவைத் திறந்தாள்.

மடியிலிருந்த புல்கட்டைப் பிரித்து மொத்தத்தையும் உள்ளே கொட்டினாள். ஒரு கணம் ஒன்றும் நிகழவில்லை. பிறகு, மழையின் முதல் துளிகள் தகரத்தில் விழுவதுபோல், கூண்டு மெல்லத் தொடங்கியது. பொட்டு வைத்ததும் வைக்காததும், இரு பின்னங்கால் உள்ளதும் இல்லாததும். வண்டிப்பக்கம் போனவர்கள்கூட நின்றார்கள். நாள் முழுதும் அவ்வளாகத்தில் கேட்ட முதல் சாப்பாட்டு ஓசை அது.

"அகெச்!" என்றார் பேராசிரியர். அந்தக் குரலில் அவளுடைய ஆய்வேடு கிழிந்தது கேட்டது.

அவள் கதவிலேயே கைவைத்து நின்றாள். பாதிப் புல் குறைந்திருக்கும். ஒரு கிளி நிறுத்தியது. வாய்விரல்களைத் துடைத்துக்கொண்டு புல்லுக்கு முதுகைக் காட்டித் திரும்பியது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் அந்த ஒற்றைப் பின்னங்காலன். மிச்சப் புல் பச்சையாக, எவரும் சீண்டாமல், கூண்டின் நடுவே கிடந்தது. மூன்றாண்டுகளாக அவள் வளர்த்த குலம் செத்துப்போகவில்லை.

"இதுதான் ஐயா செய்முறை," என்றாள் அகெச் மாண்புமிகு அவர்களிடம். "நேத்துலேருந்து பட்டினி. பசி தாங்காம ஒண்ணையொண்ணு கடிச்சுதுங்க. இருந்தாலும் வயிறு நெறஞ்சதும் வாயை மூடிக்கிச்சு பாருங்க. மிச்சத்தை ஒண்ணும் வண்டியில ஏத்தல."

பல்குத்தும் குச்சி கீழே விழுந்தது.

"யாருய்யா இந்தப் பொண்ணு?"

"பஞ்சத்துல பொறந்தவ, ஐயா," என்றார் பேராசிரியர், மன்னிப்புக் கோரும் குரலில். "அதான் கொஞ்சம்..."

அகெச் அதற்குள் அமோண்டியிடம் போயிருந்தாள். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அமோண்டி தட்டை நீட்டவுமில்லை, பிடித்துக்கொள்ளவுமில்லை. அகெச் மூடியைத் திறந்து, இரைப்பையை எடுத்து, நிலையமும் பந்தலும் மூன்று வண்டிகளும் பார்த்திருக்க, பாதியைக் கடித்தாள். ஆறிப்போயிருந்தது, நன்றாக மெல்ல வேண்டியிருந்தது. மென்றாள். விழுங்கினாள்.

"எனக்குப் பசிக்குது," என்றாள்.

பசியைப் பற்றி அந்நிலையம் இதுவரை உலகுக்கு வழங்கிய ஆய்வு முடிவுகள் ஏராளம். அவற்றுள் பசித்த ஒருவர் சொன்னது இது ஒன்றுதான்.